மெல்லாத வெற்றிலை

சேர்வராயன் சாமியை நம்பி வாழும் மலை ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் செம்மநத்தம் சடையன் கும்பிட்டுச் சொல்லிக்கொள்வது. எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மெட்ராஸில் கார் மோதி அந்தக் கால் போயிற்று. அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் கிடந்த கிடப்பையும், அதிலிருந்து சாமி என்னை எப்படி எழுப்பினார் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் காவேரி எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போட மட்டும் வரும். அந்தக் கையெழுத்தே எனக்கு வினையாகவும் வந்தது.

நான் மிளகு பறிக்கிறவன். நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் பதினைந்து வருஷம் அந்த வேலை. ஒற்றை மூங்கில் ஏணியை மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்துக்கொண்டு, முதுகில் சாக்குப் பையோடு நான் ஏறினால் கீழே நிற்பவர்களுக்குக் கழுத்து வலிக்கும். கொஞ்சம் திமிரும் உண்டு. மழை பெய்து மரம் வழுக்கும்போதுகூட, மற்றவர்கள் தயங்கினால் நான் ஏறிக் காட்டுவேன். ஒரு தடவைகூட விழுந்ததில்லை. சேர்வராயன் தாங்கிப் பிடிக்கிறார் என்று சொல்லித் திரிந்தேன்.

எண்பத்து நாலாம் வருஷம் மாசி மாதம். எஸ்டேட் மூட்டைகளை லாரியில் ஏற்றி மெட்ராஸ் மண்டிக்கு அனுப்பினார்கள். கூடப் போய் இறக்கி வைக்க ஆள் வேண்டும் என்று ரைட்டர் என்னைக் கூப்பிட்டார். எஸ்டேட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவரும் கணக்கு எழுதுபவரும் அவர்தான். மெட்ராஸைப் பார்க்கலாம் என்ற ஆசையில் நான் உடனே தலையாட்டினேன். காலையில் மூட்டை இறக்கி முடிந்தது. டீ குடித்துவிட்டு ரோட்டின் ஓரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். முனையில் வேகமாகத் திரும்பிய ஒரு கார் என்னைச் சுவரோடு சேர்த்து நெரித்துவிட்டது. எத்தனையோ மரம் ஏறியும் விழாதவன் சமதரையில் விழுந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் கட்டிலுக்கு வந்து நடந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். என் மனைவி வெள்ளையம்மாள் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. வந்தவள் போர்வையை விலக்கிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பழையபடி மூடிவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அப்போது நான்தான் அழுதேன்.

சித்திரைக் கடைசியில் ஊருக்கு வந்தோம். எஸ்டேட்டில் இனி வேலை இல்லை என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். மரம் ஏற முடியாத மிளகுக்காரனை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? வெள்ளையம்மாள் மட்டும் களை எடுக்கப் போனாள். அவள் ஒருத்தி கூலியில் மூன்று வயிறு நிறையவில்லை. ஆறாம் வகுப்புப் போக வேண்டிய காவேரியை நிறுத்தி, அவள் கையிலும் களைக்கொத்தைக் கொடுத்தேன். கொடுத்தது நான்தான். இதை எழுதும்போது அவள் கொஞ்சம் நிறுத்திவிட்டு எழுதுகிறாள்.

வைகாசித் திருவிழா முடிந்த வாரம் எங்கள் ஊருக்கு ஒரு கார் வந்தது. என்னை இடித்த காரின் முதலாளி அனுப்பிய மேனேஜர் அதில் வந்திருந்தார். நல்ல வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. கூடவே எங்கள் ரைட்டரும் இறங்கினார். தட்டில் வேட்டி, சேலை, பழம், வெற்றிலை பாக்கு. அத்தனை பெரிய ஊரிலிருந்து எங்கள் முறை தெரிந்து வந்திருக்கிறாரே என்று உருகிப் போனேன். முறையைச் சொல்லிக் கொடுத்தது ரைட்டர் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அடிதடி, வரப்புத் தகராறு எதுவானாலும் போலீஸ், கோர்ட்டு என்று இறங்குவது கேவலம். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் கூடுவோம். தப்பு செய்தவர் சேர்வராயன் பேரைச் சொல்லி வெற்றிலை பாக்குக் கொடுப்பார். அடிபட்டவர் வாங்கிக்கொண்டு, அவருக்கும் வெற்றிலை மடித்துக் கொடுப்பார். இரண்டு பேரும் மென்றால் வழக்கு அதோடு முடிந்தது. அதற்கு மேல் ஒருவர் வாய் திறந்தால் சாமி குற்றம். எங்கள் அப்பன் காலத்திலும் அப்படித்தான்.

ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் சேர்வராயன் பேரைச் சொல்லித் தட்டை நீட்டினார். நான் வெற்றிலையை எடுத்துக்கொண்டு, அவருக்கும் மடித்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, பாக்கெட்டிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துச் சுற்றி வைத்துக்கொண்டார். நான் என்னுடையதை வாயில் போட்டு மென்றேன். எல்லோரும் என் காலைப் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் தலையைத் தூக்கவே இல்லை.

ரைட்டர் ஒரு காகிதத்தை எடுத்தார். "சடையா, ஐயா உனக்கு உதவி பண்றதுக்குத்தான் இது. ஒரு கையெழுத்துப் போட்டுடு" என்றார்.

மற்றவர்கள் பெருவிரல் வைக்கிற ஊரில் எனக்குக் கையெழுத்து வருமே. அந்தத் திமிரும் சேர்ந்துகொண்டது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே, ச-டை-ய-ன் என்று நிறுத்தி நிதானமாகப் போட்டேன்.

உதவி வரவில்லை. ஆனி முழுக்கப் பஸ் சத்தம் கேட்டால் வாசலைப் பார்த்தேன். ஆடியில் கால் வெட்டிய இடம் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. சேலம் ஆஸ்பத்திரிக்கு வெள்ளையம்மாள் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பக்கத்துப் பெஞ்சில் பஸ் மோதிக் கை நசுங்கிய ஓமலூர்க்காரர் ஒருவர். "ஏனுங்க, கேஸ் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். கேஸா என்று நான் முழித்தேன். அவர் தன் வக்கீலம்மா வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பினார்.

வக்கீலம்மா என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே கேட்டார்.

"போலீஸ் வந்து எழுதினாங்களா?"

"எழுதினாங்கம்மா."

"ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் இருக்குதுங்களா?"

வெள்ளையம்மாள் மடியிலிருந்து மஞ்சள் பையை எடுத்தாள். ஒரு துண்டுச் சீட்டைக்கூட அவள் தொலைக்கவில்லை.

"வண்டியில அடிபட்டவங்களுக்குன்னே ஒரு கோர்ட்டு இருக்குதுங்க. காரை இன்சூரன்ஸ் பண்ணியிருந்தா அந்தக் கம்பெனிதான் குடுக்கோணும். தப்பு யார் மேலன்னு பாக்காமலே, கால் போனவங்களுக்கு ஒரு தொகை குடுக்கச் சொல்லி இப்பச் சட்டம் வந்திருக்குது. அதுக்கு மேல வேணும்னா டிரைவர் தப்புத்தான்னு நாம காட்டோணும். எஸ்டேட் வேலையாப் போன எடத்துல அடிபட்டதால எஸ்டேட்டையும் கேக்கலாம். ஆனா ரெண்டுல ஒண்ணைத்தான் கேக்க முடியும்."

ரைட்டர் எதற்காக மேனேஜரோடு காரில் வந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மா முகம் சுளித்தார். "இனி எதுவும் கேக்க மாட்டேன்னு எழுதியிருப்பாங்க. படிச்சுக் காட்டாம வாங்கின கையெழுத்து. அதைக் கோர்ட்டுல பேசிக்கலாம். ஆனா அடிபட்ட நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள மெட்ராஸ் கோர்ட்டுல மனுப் போடோணுங்க. இன்னும் மூணு வாரந்தான் இருக்குது."

வெள்ளையம்மாள் முகத்தில் வெளிச்சம் வந்தது. நான் அதை அணைத்தேன்.

"அம்மா, நான் வெத்தலை வாங்கிட்டனுங்க. சாமி பேரைச் சொல்லி வாங்கினது. இனி நான் வாய் தொறக்கக் கூடாதுங்க."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "அது உங்களுக்கும் உங்க சாமிக்கும் உள்ளதுங்க. அதுல நான் பேச முடியாது. ஆனா தேதி யாருக்காகவும் நிக்காதுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளையம்மாள் கேட்டாள். "ஏனுங்க, சாமி பேரைச் சொல்லி அந்த மேனேஜர் பொய் சொன்னான். அவன் மேல சாமி குத்தம் இல்ல. உண்மையைச் சொல்லப் போனா உங்க மேல சாமி குத்தமா? இது எந்த ஊர் நாயமுங்க?"

பதில் இல்லாதபோது ஆம்பிளைகள் செய்வதைச் செய்தேன். சத்தம் போட்டேன். அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். காலையில் கூழை வைத்துவிட்டு வேலைக்குப் போவாள், மாலையில் வந்து புண்ணைக் கழுவுவாள். ஒரு வார்த்தை கிடையாது.

ஆவணியில் அந்தத் தேதி வந்தது. அன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மழை. ஓடு ஒழுகிக் கால்மாட்டில் சொட்டியது. இல்லாத கால் வலித்தது. கண்ணை மூடினால் கட்டைவிரல் அரிக்கும், கையை நீட்டினால் பாய்தான் இருக்கும். பொழுது இறங்கியது. ஆறு மாதம் முடிந்தது. என் பெண் தோளில் களைக்கொத்தோடு நனைந்து வந்து நின்றாள். அவளைப் பார்த்தபோது, நான் செத்துப்போனால் இவர்களுக்கு ஒரு வாய் குறையும் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் அதையேதான் நினைத்தேன்.

சாமி மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன். உன் மலையில்தானே மரம் ஏறினேன், விழவிடாமல் பார்த்துக்கொண்டாயே, அப்படி என்னைப் பத்திரமாக வைத்திருந்தது மெட்ராஸ்காரன் காருக்குக் கொடுப்பதற்கா என்று கேட்டேன். விளக்கு வைக்க வேண்டாம் என்று வீட்டில் சொன்னேன். வெள்ளையம்மாள் என் பேச்சைக் கேட்காமல் வைத்தாள்.

புரட்டாசியில் ஒரு காலை, ஏன் என்று தெரியாமலே எழுந்து ஊன்றுகோலை எடுத்தேன். கோயிலுக்கு என்று மட்டும் சொன்னேன். வெள்ளையம்மாள் வேலைக்குப் போகாமல் கூட வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி மேட்டில் ஏற எனக்கு நெடுநேரம் ஆயிற்று. மலை உச்சி மைதானத்தில் மூடுபனி. இரண்டு தடவை கோல் சறுக்கி விழுந்தேன். அவள் தூக்கிவிட்டாள், அப்போதும் பேசவில்லை.

நம் சாமி இருக்கும் குகை உங்களுக்குத் தெரியும். யாராக இருந்தாலும் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். நான் கோலை வாசலில் போட்டுவிட்டுக் கையை ஊன்றித் தவழ்ந்து போனேன். ஈரப் பாறையில் நெற்றியை வைத்தேன். நான் கேட்டது இதுதான். "சாமி, அந்த வெத்தலை உன் கணக்குல செல்லும்னா, நான் இப்படியே கிடந்து சாகறேன். செல்லாதுன்னா எனக்குக் காட்டு. நான் படிக்காதவன். எனக்குப் புரியற மாதிரி காட்டு."

ஒன்றும் நடக்கவில்லை. மேலிருந்து தண்ணீர் சொட்டியது. எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் பின்பக்கமாகவே தவழ்ந்து வெளியே வந்தேன். இதுவும் போயிற்று என்று வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

பூசாரி வந்து திருநீறும் வெற்றிலை பாக்கும் கொடுத்தார். வெற்றிலையைக் கையில் வாங்கவே எனக்கு மனசில்லை. வேண்டாம் என்று சொல்லவும் பயம். வாங்கித் துண்டின் நுனியில் சுற்றி முடிந்துகொண்டேன். அடுத்த ஆளிடம் போகப்போன பூசாரி நின்றார்.

"ஏனுங்க, முடிஞ்சு வெச்சுக்கிட்டீங்க? வாயில போட்டு மென்னாத்தானுங்க சாமி குடுத்தது சேரும்."

நான் என் துண்டு முடிச்சைப் பார்த்தேன். எனக்கு அது வெள்ளைக் கைக்குட்டையாகத் தெரிந்தது.

மேனேஜர் அன்று மெல்லவில்லை. சுற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். நான் ஒருவன்தான் மென்றேன். இரண்டு பேரும் சேர்ந்து மெல்லாத வெற்றிலை எங்கள் முறையில் மாற்றின வெற்றிலையே இல்லை. நாலு மாதமாக என் கண் முன்னால் இருந்ததை நான் பார்க்கவில்லை. வெள்ளையம்மாளிடம் சொன்னேன். அவள் என் துண்டைப் பிரித்து, அந்த வெற்றிலையை எடுத்து என் வாயில் வைத்தாள். "இப்ப மெல்லுங்க" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

அன்று மாலையே ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன். நான் கேட்டு முடிக்கும் முன்பே அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நானும் பாத்தங் கண்ணு. அவரு முடிஞ்சு வெச்சதைப் பாத்தேன். பெரிய எடத்து மனுசன், ரைட்டர் வேற பக்கத்துல நிக்கறாரு. ஒரு வார்த்தை கேக்க எனக்கு நாக்கு எழல."

"அப்ப நம்ம முறையில வழக்கு முடியலீங்களே?"

"முடியல. நீ போ. எங்க வந்து சொல்லோணும்னாலும் நான் வந்து சொல்றேன்."

சேலத்தில் வக்கீலம்மா கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "உங்க சாமி இதை ஒரு மாசம் முன்னாடி காட்டியிருக்கக் கூடாதுங்களா?" என்றார். பிறகு, தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் கோர்ட்டு மன்னித்து எடுத்துக்கொள்ளலாம், அதற்குத் தனி மனு உண்டு, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். மெட்ராஸில் தனக்குத் தெரிந்த வக்கீல் மூலமாக ஐப்பசியில் மனுப் போட்டார்.

அந்தக் கோர்ட்டு நாட்களைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் அலைந்தோம், போகும்போதெல்லாம் வழக்கைத் தள்ளி வைத்தார்கள். ஊர்க்கவுண்டர் சொன்ன சொல் மாறாமல் கூட வந்தார். தாமதம் ஏன் என்று ஜட்ஜ் கேட்டபோது ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன், வெற்றிலைக் கதையையும் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும், படுத்த படுக்கையாக இருந்ததையும் காரணமாக எழுதி மனுவை எடுத்துக்கொண்டார். வெற்றிலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று வக்கீல் சொன்னார். சாமி காட்டியது என்னை மெட்ராஸ் வரை நடத்திக் கூட்டிப்போக. கோர்ட்டுக்குக் காட்ட வெள்ளையம்மாளின் மஞ்சள் பை இருந்தது.

அடுத்த வருஷம் அந்த மேனேஜர் கூண்டில் ஏறினார். ஊர் முன்னால் எல்லாம் பேசி முடிந்துவிட்டது, வெற்றிலை பாக்கே மாற்றிக்கொண்டோம், பிறகுதான் கையெழுத்து வாங்கினோம் என்று சொன்னார். எங்கள் வக்கீல் கேட்டார்.

"இவர் கொடுத்த வெற்றிலையை நீங்கள் போட்டீர்களா?"

"இல்லை சார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை."

அவர் சாதாரணமாகச் சொன்னார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு இன்றுவரை தெரிந்திருக்காது. என் பக்கத்தில் இருந்த ஊர்க்கவுண்டர் என் கையை இறுகப் பிடித்தார். வழக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. நான் சாமிக்குத் துரோகம் செய்யவில்லை.

மூன்று வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தது. டிரைவர் மேல்தான் தப்பு, படிக்காமல் போட்ட அந்தக் கையெழுத்து என்னைக் கட்டாது, இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். கொடுத்தார்கள். காவேரி மறுபடி பள்ளிக்கூடம் போனாள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போது எனக்குக் கட்டைக் கால் இருக்கிறது. மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்கள் பறித்த மிளகை உதிர்த்துக் காயவைக்கிறேன். மேலே பார்ப்பதில்லை. பார்த்தால் இன்னும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கால் கிடைத்துவிட்டது போல் பேச எனக்கு வராது. போனது போனதுதான்.

அன்பானவர்களே, வண்டியில் அடிபட்டு எங்கேயாவது ஒரு மூலையில் கிடப்பவர் யாராவது இதைப் படித்தால் இந்த ஒற்றைக் காலன் பேச்சைக் கேளுங்கள். சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். படித்துக் காட்டாத காகிதத்தில் பேரை எழுதாதீர்கள். நாள் தள்ளாமல் ஒரு வக்கீலைப் பாருங்கள், அது கேவலம் இல்லை. சாமியிடமும் போங்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடு போங்கள். அவர் தாங்குவார், நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

வருஷா வருஷம் வைகாசியில் குகை வாசலில் பூசாரி எனக்கு வெற்றிலை கொடுப்பார். கொடுத்துவிட்டு நகராமல் நின்று பார்ப்பார். வெள்ளையம்மாளும் பார்ப்பாள். நான் இரண்டு பேர் முன்னாலும் அதை வாயில் போட்டு, நின்ற இடத்திலேயே மெல்லுவேன்.